அட்மிட் ஆன நோயாளிக்கு யார் டாக்டர்?

78 வயது மூதாட்டி ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதயம் பலவீனம், நாள்பட்ட சர்க்கரை, சிறுநீரகமும் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. இதய மருத்துவர் வந்து பார்த்து, உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் ஃப்ரூசிமைடு ஊசியைக் கூட்டச் சொல்கிறார். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. சிறுநீரக மருத்துவர் அதே ஊசியைக் குறைக்கச் சொல்லி எழுதிவிட்டுப் போகிறார். மதியம் ஒரு ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு காத்திருக்க வைத்திருக்கிறார்கள். காலையில் போட்ட இன்சுலின் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. நிபுணர்கள் இருவரும் சொன்னது அவரவர் துறைக்குச் சரிதான். ஆனால் ஊசியைக் கூட்டுவதா குறைப்பதா, ஸ்கேன் இன்றைக்கே வேண்டுமா, சர்க்கரை இறங்கினால் யார் ஓடி வருவது, வெளியே தவித்துக்கொண்டிருக்கும் மகளிடம் யார் உட்கார்ந்து பேசுவது?

இந்தக் கேள்விகள் அத்தனைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக அமெரிக்க மருத்துவமனைகளில் இன்று இருப்பவர் ஹாஸ்பிட்டலிஸ்ட். இவருக்கு வெளியே கிளினிக் கிடையாது. உள்நோயாளிகளைப் பார்ப்பது மட்டுமே இவர் தொழில். பெரும்பாலும் பொது மருத்துவத்தில் பயிற்சி முடித்தவர். அவர் மூதாட்டியின் அன்றைய எடையைப் பார்ப்பார், கழுத்து நரம்பு இன்னும் புடைத்திருக்கிறதா என்று பார்ப்பார், நேற்று மூன்று தலையணை வைத்துப் படுத்தவர் இரவு எத்தனை வைத்தார் என்று கேட்பார். நீர் முழுக்க வடியவில்லை, கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினாலும் ஊசி தொடரட்டும், நாளைக் காலையில் மறுபடி பார்க்கலாம் என்று முடிவெடுத்து, இரு நிபுணர்களையும் போனில் பிடித்துச் சொல்வார். அவசரமில்லாத ஸ்கேனைத் தள்ளிவைத்துச் சாப்பாடு கொடுக்கச் சொல்வார். பார்வைக்குச் சின்ன வேலைகள்தான். உள்நோயாளி பிழைப்பதும் சீரழிவதும் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் முன்பு இப்படி ஒரு ஆள் இல்லை. குடும்ப மருத்துவரே காலையில் மருத்துவமனைக்குப் போய்த் தன் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்கு வந்து, மாலையில் இன்னொரு முறை எட்டிப் பார்ப்பார். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பொறுப்பு அங்குள்ள கன்சல்டன்ட்டுக்குப் போய்விடும். குடும்ப மருத்துவர் வெளியிலேயே நின்றுகொள்வார். அமெரிக்கர்களோ ஒரே மருத்துவர் உள்ளேயும் வெளியேயும் பார்ப்பதை ஒரு பெருமையாகவே கட்டிக்காத்தார்கள்.

அதை உடைத்தது பணக் கணக்கு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு, 1983 முதல், எத்தனை நாள் படுத்திருந்தாலும் இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று மருத்துவமனைக்குக் கொடுக்கத் தொடங்கியது. நாட்களைக் குறைத்தால் மருத்துவமனைக்கு லாபம், இழுத்தால் நஷ்டம். லேசான நோய்களை வெளிநோயாளிப் பிரிவிலேயே பார்க்கும் வழக்கம் பரவ, உள்ளே படுத்திருந்தவர்கள் முன்பைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். குடும்ப மருத்துவருக்கோ ஒரு நேரத்தில் உள்ளே ஒருவரோ இருவரோதான். அந்த ஒருவருக்காகக் காரோட்டிப் போய் வருவது கட்டுப்படியாகவில்லை. பகல் 11 மணிக்கு நோயாளிக்கு ரத்த அழுத்தம் சரிந்தால் அவர் கிளினிக்கில் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சான்பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மன் இருவரும் 1996 ஆகஸ்ட்டில் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரைதான் ஹாஸ்பிட்டலிஸ்ட் என்ற பெயரைப் பரப்பியது. ஆங்காங்கே ஏற்கெனவே முளைத்திருந்த ஏற்பாட்டை அவர்கள் பெயரிட்டு அடையாளம் காட்டினார்கள். மறு ஆண்டே இத்துறையினருக்கு ஒரு சங்கம் பிறந்தது. 2003-ல் அது சொசைட்டி ஆஃப் ஹாஸ்பிட்டல் மெடிசின் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து 2016-ல் அதே இருவர் அதே இதழில் திரும்பிப் பார்த்து எழுதியபோது, நாட்டில் 50,000-க்கும் மேற்பட்ட ஹாஸ்பிட்டலிஸ்டுகள் இருந்தார்கள். பொது மருத்துவத்தின் எந்த உட்பிரிவிலும், இதயவியல் உட்பட, அத்தனை பேர் இல்லை. ஒரு மருத்துவத் துறை ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு வளர்ந்ததற்கு வேறு உதாரணம் தேடுவது கடினம்.

வளர்ச்சிக்கு வேறு வாய்க்கால்களும் நீர் பாய்ச்சின. 1984-ல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண், மருத்துவமனையில் சேர்ந்து ஒரே இரவுக்குள் இறந்துபோனாள். பார்த்துக்கொண்டவர்கள் பல மணி நேரம் தூங்காமல் வேலை பார்த்த பயிற்சி மருத்துவர்கள். அவளுடைய தந்தை நடத்திய போராட்டம் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்தைப் பொதுக் கேள்வியாக்கியது. 2003 முதல் நாடு முழுவதும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப முழுப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். மருத்துவப் பிழைகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 1999-ல் வெளியிட்ட அறிக்கையும், வார்டிலேயே இருந்து ஒழுங்குபடுத்தும் மருத்துவரின் தேவையை உரக்கச் சொன்னது.

இந்த இடத்தில் நம்மவர்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்காவில் ரெசிடென்சி செய்தவர்களில் பலர் ஹாஸ்பிட்டலிஸ்டுகளாக இருக்கிறார்கள். இதற்கு விசாவும் ஒரு காரணம். ஜே-1 விசாவில் பயிற்சி பெற்றவர் முடித்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு வேலை பார்த்தால் அந்த நிபந்தனை தள்ளுபடியாகும். செனட்டராக இருந்த கென்ட் கான்ராட் பெயரால் 1994 முதல் நடக்கும் இத்திட்டத்தில் இப்போது மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். அப்படிப் போகும் சிற்றூர் மருத்துவமனைகளில் ஹாஸ்பிட்டலிஸ்ட் வேலை எளிதில் கிடைக்கிறது. உள்ளூர் அமெரிக்கர் போகத் தயங்கும் ஊர்களில் இரவு நேர வார்டைத் தாங்கிப் பிடிப்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு.

இந்த ஏற்பாட்டால் நோயாளிக்கு நன்மை உண்டா? இதற்குச் சாதகமாகவும் பாதகமாகவும் ஆய்வுகள் உண்டு; அவற்றைச் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். 2007-ல் வெளிவந்த ஒன்று, 45 மருத்துவமனைகளில் 76,926 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஹாஸ்பிட்டலிஸ்ட் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.4 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். செலவு, பொது மருத்துவர்கள் பார்த்ததோடு ஒப்பிட்டால் நோயாளிக்கு 268 டாலர் குறைவு. இறப்பிலும் மீண்டும் சேர்வதிலும் வித்தியாசம் தென்படவில்லை. சுமாரான லாபம்தான், ஆனாலும் லாபம்.

நான்கு ஆண்டு கழித்து, 2011-ல், யோங்-ஃபாங் குவோ, ஜேம்ஸ் குட்வின் என்ற ஆய்வாளர்கள் கணக்கை வாசலுக்கு வெளியேயும் நீட்டிப் பார்த்தார்கள். மெடிகேர் நோயாளிகளில் ஹாஸ்பிட்டலிஸ்ட் பார்த்தவர்களின் மருத்துவமனைக் கட்டணம் 282 டாலர் குறைந்திருந்தது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 30 நாளில் அதே நோயாளிகளுக்கு 332 டாலர் கூடுதலாகச் செலவாகியிருந்தது. நேராக வீட்டுக்குப் போனவர்கள் குறைவு. அவசரப் பிரிவுக்கும் வார்டுக்கும் திரும்பி வந்தவர்கள் அதிகம். உள்ளே மிச்சம் பிடித்தது வெளியே கரைந்தது. 2017-ல் வந்த பெரிய ஆய்வு 5,60,651 அட்மிஷன்களை எடுத்துப் பார்த்தது. சொந்தக் குடும்ப மருத்துவர் பார்த்தவர்கள் சற்று நீண்ட நாள் படுத்திருந்தார்கள். ஆனால் 30 நாளுக்குள் இறந்தவர்கள் அவர்களில் 8.6 சதவீதம், ஹாஸ்பிட்டலிஸ்ட் பார்த்தவர்களில் 10.8 சதவீதம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஹாஸ்பிட்டலிஸ்ட் முறையே தவறு என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. குடும்ப மருத்துவர் தேடி வந்து பார்க்கும் நோயாளிக்கு நெடுநாள் உறவு, ஓரளவு நிலையான வாழ்க்கை, வீட்டில் கவனிக்க ஆள் எல்லாம் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். நள்ளிரவில் யாருமில்லாமல் வந்து சேர்பவர் ஹாஸ்பிட்டலிஸ்டிடம்தான் போவார். கணிதத்தால் இந்த வித்தியாசத்தை முழுக்கச் சரிக்கட்ட முடியாது. ஆனாலும் மூன்று ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு விஷயம் துலங்குகிறது: வார்டுக்குள் இந்த மருத்துவர் செய்யும் வேலையில் குறையில்லை, நோயாளி வார்டை விட்டு இறங்கும் வேளையில்தான் பிடி நழுவுகிறது. இந்தத் துறையைப் பற்றி நான் படித்ததெல்லாம் என்னை இதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது.

டிஸ்சார்ஜ் நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அந்த மூதாட்டி வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் சாப்பிட்டு வந்தவர். மருத்துவமனை மருந்தகத்தில் அதே வகையைச் சேர்ந்த லிசினோப்ரில்தான் கையிருப்பு. உள்ளே அதைக் கொடுத்தார்கள். போகும்போது மருந்துச் சீட்டில் லிசினோப்ரில் அச்சாகிறது. எனலாப்ரிலை நிறுத்து என்று ஒரு வரி சேர்க்க யாரோ மறந்துவிட்டால், வீட்டு டப்பாவில் இருக்கும் பழைய மாத்திரையும் பையில் வந்த புது மாத்திரையும் மறுநாள் காலை ஒரே உள்ளங்கையில் விழும். ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகம் அதைத் தாங்காது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றிக் கீழே விழுவார். இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். பழைய டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்து, இது வேண்டும், இது வேண்டாம், இது புதிது என்று மகளுக்கு முன்னால் பிரித்து வைக்க இருபது நிமிடம் வேண்டும். வார்டில் கிடைக்காதது அந்த இருபது நிமிடம்தான்.

அடுத்தது, முடிவு வராத பரிசோதனைகள். பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. டிஸ்சார்ஜ் ஆன 2,644 பேரில் 41 சதவீதத்தினருக்குப் போகும்போது ஏதாவது ஒரு முடிவு வர வேண்டியிருந்தது. அப்படிப் பின்னால் வந்த முடிவுகளில் பத்தில் ஒன்று போல ஏதாவது செய்தாக வேண்டியவை. அவற்றில் பாதிக்கும் மேலானவை மருத்துவர்களின் கவனத்துக்கே வரவில்லை. எழுதிக் கொடுத்த ஹாஸ்பிட்டலிஸ்டுக்கு அந்த நோயாளி இப்போது தன் பட்டியலில் இல்லை. குடும்ப மருத்துவருக்கு அப்படி ஒரு பரிசோதனை எடுத்ததே தெரியாது. பின்னர் 2007-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நோயாளி முதல் முறை குடும்ப மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி அவர் கைக்கு வந்திருந்தது 12 முதல் 34 சதவீதம் பேருக்குத்தான். 2009-ல் வெளிவந்த மெடிகேர் கணக்கில் ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் திரும்பவும் சேர்க்கப்பட்டிருந்தார். 2012 முதல், இப்படித் திரும்பி வருவோர் அதிகமாக உள்ள மருத்துவமனைகளுக்கு அரசு பணத்தைப் பிடித்தம் செய்கிறது. அதன் பிறகுதான் பல மருத்துவமனைகளுக்கு இந்த வாசல் கண்ணில் பட்டது.

வார்டுக்குள்ளும் கைமாற்றம் ஓயாமல் நடக்கிறது. பல இடங்களில் ஹாஸ்பிட்டலிஸ்ட் ஏழு நாள் தொடர்ந்து வேலை, ஏழு நாள் விடுப்பு என்ற முறையில் இருப்பார். ஐந்தாம் நாள் வந்து சேர்ந்த நோயாளிக்கு, அவர் முகம் பழகுவதற்குள் இன்னொருவர் வந்துவிடுவார். இரவில் வேறொருவர். மாலை ஏழு மணிக்கு ஒப்படைக்கும்போது 'ஸ்டேபிள்' என்று ஒற்றைச் சொல்லில் கடந்துபோன நோயாளிக்குத்தான் அதிகாலை மூன்று மணிக்கு மூச்சு முட்டும். ஒப்படைப்பதை ஒழுங்காகச் செய்தால் பாதிப்பு குறையும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. குழந்தை மருத்துவப் பயிற்சி நடக்கும் 9 மருத்துவமனைகளில், நோயின் கடுமை, சுருக்கம், செய்ய வேண்டியவை, எது நேரலாம் என்ற முன்னெச்சரிக்கை, கேட்டவர் திருப்பிச் சொல்வது என்ற ஒழுங்கை ஐ-பாஸ் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. புது மருந்து ஒன்று இப்படிப் பலன் தந்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும்.

ஒரு ஹாஸ்பிட்டலிஸ்ட் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது. ஒரு கருத்துக் கணிப்பில் பத்தில் நால்வர், தாங்கள் பத்திரமாகப் பார்க்கக்கூடிய எண்ணிக்கையைவிட அதிகமான நோயாளிகள் மாதத்தில் ஒருமுறையாவது தலையில் விழுவதாகச் சொன்னார்கள். பட்டியல் நீளும்போது முதலில் வெட்டுப்படுவது பேச்சு. மகளோடு பேசுவது, குடும்ப மருத்துவரைப் போனில் பிடிப்பது, மாத்திரை டப்பாவைப் பிரிப்பது. இவை எதற்கும் தனியாகப் பில் போட முடியாது. ஹாஸ்பிட்டலிஸ்டின் சம்பளத்துக்கு அவர் ஈட்டும் மருத்துவர் கட்டணம் போதாமல் மருத்துவமனை கையிலிருந்து போட்டு ஈடுகட்டுவதுதான் நடைமுறை. அதனால் நிர்வாகத்தின் கண்ணில் அவர் எப்போதும் ஒரு செலவுக் கணக்கு. வார்டுகளுக்கு ஆள் அனுப்பும் தனி நிறுவனங்களும் பெருகின. 2015-ல் ஐபிசி என்ற அத்தகைய நிறுவனத்தை டீம்ஹெல்த் என்ற இன்னொரு நிறுவனம் 160 கோடி டாலருக்கு வாங்கியது. 2017-ல் டீம்ஹெல்த்தையே பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனம் வாங்கிவிட்டது.

ஓரிகான் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 2014-லேயே இந்தப் போக்குக்கு எதிர்ப்பு எழுந்தது. தங்களை வெளி நிறுவனத்துக்குக் கைமாற்றும் யோசனையை நிர்வாகம் எடுத்ததும், அங்குள்ள மருத்துவமனை ஒன்றின் ஹாஸ்பிட்டலிஸ்டுகள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். மருத்துவர்கள் சங்கம் சேர்வது அன்று அமெரிக்காவில் அபூர்வம். ஒரு நோயாளியிடம் எவ்வளவு நேரம் செலவிடுவது என்பதை எங்கோ இருக்கும் ஒரு கணக்குத் தாள் முடிவு செய்யக் கூடாது என்பது அவர்கள் வாதத்தின் மையம். அது சரியான வாதம்; நோயாளிகளே முன்வைத்திருக்க வேண்டிய வாதமும்கூட.

இன்னொன்று இருக்கிறது, இதற்கு எண் கிடையாது. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டுமா, குழாய் போட வேண்டுமா என்று அமெரிக்க மருத்துவமனையில் சேரும்போதே கேட்கிறார்கள். கேட்பவர் அரை மணி நேரத்துக்கு முன்புதான் அறிமுகமான ஹாஸ்பிட்டலிஸ்ட். இருபது வருடம் பார்த்த குடும்ப மருத்துவருக்கு, அந்த அம்மா தன் கணவர் செயற்கைச் சுவாசத்தில் கிடந்ததைப் பார்த்து எனக்கு இப்படி வேண்டாம் என்று சொன்னது நினைவிருக்கும். ஹாஸ்பிட்டலிஸ்டுக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் நெருக்கடி வரும் ராத்திரியில் பக்கத்தில் நிற்பவரும், அன்றைய உடல்நிலையைச் சரியாக அறிந்தவரும் ஹாஸ்பிட்டலிஸ்ட்தான். ஒருவருக்கு மனிதரைத் தெரியும், மற்றவருக்கு நோயின் இன்றைய நிலை தெரியும். இருவரும் ஒரு போன் பேசிக்கொண்டால் தீரக்கூடிய இந்தத் தூரம் தீராமலே கிடப்பது என்னை வருத்துகிறது.

நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் யூனிட் முறையை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. யூனிட்டுக்கு ஒரு சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி.க்கள், ஹவுஸ் சர்ஜன்கள். யூனிட்டின் அட்மிஷன் நாளில் சேர்ந்தவர் அந்த யூனிட்டின் நோயாளி. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் அதே யூனிட்டின் ஓ.பி. நாளில்தான் வரச் சொல்வார்கள். கூட்டம் நெரியும், வரிசை நீளும், பேச நேரமிருக்காது. ஆனாலும் உள்ளே பார்த்த கையே வெளியேயும் பார்க்கிறது. அமெரிக்காவில் அறுந்துபோன இழை, எவ்வளவு நைந்திருந்தாலும், இங்கே அறுபடவில்லை. தனியார் மருத்துவமனையில் கதை வேறு: காலையும் மாலையும் வந்து போகும் கன்சல்டன்ட், இடைப்பட்ட நேரம் முழுக்க டூட்டி டாக்டர். டூட்டி டாக்டரை ஹாஸ்பிட்டலிஸ்டோடு ஒப்பிடுவது பொருந்தாது. அவர் வார்டிலேயே இருக்கிறார், ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பலர் மேற்படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்கள். அனுபவமும் அதிகாரமும் உள்ளவர் வார்டிலேயே தங்குவதுதான் ஹாஸ்பிட்டலிஸ்ட் முறையின் சாரம்; எடுத்துக்கொள்வதானால் நம் தனியார் மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

அறுந்த இழையை முடிச்சுப்போடும் முயற்சி அமெரிக்காவிலும் நடக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில், தானும் ஒரு ஹாஸ்பிட்டலிஸ்டான டேவிட் மெல்ட்சர் 2012-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அடிக்கடி அட்மிட் ஆகும் நோயாளிகளை மட்டும் பொறுக்கி, ஒரு மருத்துவருக்குச் சுமார் 200 பேர் என்று ஒதுக்கினார். அந்த மருத்துவர் காலையில் வார்டில் தன் நோயாளிகளைப் பார்ப்பார், மதியம் கிளினிக்கில் தன் நோயாளிகளையே பார்ப்பார். பழைய குடும்ப மருத்துவரால் கட்டுப்படியாகாதது இவருக்குக் கட்டுப்படியாகிறது. காரணம், இவருடைய நோயாளிகளில் எந்த நாளும் பலர் உள்ளேயே இருப்பார்கள்; ஒரு ஆளுக்காகக் காரோட்டிப் போக வேண்டியதில்லை. சுமார் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தார்கள். எல்லா நோயாளிக்கும் இந்த ஏற்பாடு தேவையில்லை. நிமோனியாவுக்காக வாழ்நாளில் ஒருமுறை படுப்பவருக்கு ஹாஸ்பிட்டலிஸ்டே போதும். வருடத்தில் நாலைந்து முறை வந்து போகும் அந்த மூதாட்டி போன்றவர்களுக்குத்தான் இது. இப்படி ஆளைப் பிரித்தறிந்து ஏற்பாட்டை மாற்றுவது, எல்லோருக்கும் ஒரே முறை என்று அடம்பிடிப்பதைவிட மேல் என்பது என் துணிபு.

மற்றவர்களுக்கு மெடிகேர் 2013 ஜனவரி முதல் ஒரு வழி செய்திருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன இரண்டு வேலை நாளுக்குள் நோயாளியைத் தொடர்புகொண்டு, நிலைமையைப் பொறுத்து ஏழு அல்லது பதினான்கு நாளுக்குள் நேரில் பார்த்தால், அதற்கென்று தனிக் கட்டணம். இதைப் பெறுபவர் வெளியே இருந்து ஏற்றுக்கொள்ளும் மருத்துவர். உள்ளிருந்து அனுப்புகிறவர் அவரைப் போனில் பிடித்து, எனலாப்ரிலை நிறுத்தியாயிற்று, ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும், வந்ததும் நான் கூப்பிடுகிறேன் என்று சொல்லும் பத்து நிமிடத்துக்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தை ஹாஸ்பிட்டலிஸ்டின் அன்றாட வேலையில் ஒரு பகுதியாக எண்ணி, அதற்கேற்ப அவருடைய பட்டியலை 20-லிருந்து 14-க்கோ 15-க்கோ குறைக்கும் மருத்துவமனைகளில்தான் 1996-ல் பெயர் பெற்ற இந்த முறை நோயாளிக்கு முழுப் பயன் தரும்.